கல்லாவின் முன் நம் மௌனம்

“பழைய வண்டி என்றால் செலவு வைக்கத்தானே செய்யும்?” பணிமனையின் கல்லாவின் முன் நின்றுகொண்டு நமக்கு நாமே கூறிக்கொள்ளும் ஆறுதல் மொழி இது. நீட்டப்படும் பில்லில் அடியிலுள்ள தொகையை மட்டும் பார்க்கிறோம், பணத்தைக் கட்டுகிறோம், வண்டியை எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறோம். இந்த மௌனத்திற்குப் பெருந்தன்மை என்றும் பெயர் சூட்டிக்கொள்கிறோம். இது கடமை தவறிய செயல் என்பதே நம் வாதம்.

நம் வீட்டு வாசலில் ஒரு மாருதி 800 நிற்கிறது. அவ்வகை வண்டியின் உற்பத்தி 2014 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. நம்முடையது 15 ஆண்டுகளைக் கடந்து, மறுபதிவும் பெற்று ஓடிக்கொண்டிருக்கிறது. முன்சக்கரங்களில் கிறீச்சென்ற ஓசை கேட்கவே, குளிரூட்டிய காத்திருப்பு அறையுள்ள ஒரு பெரிய பணிமனையில் அதனை விட்டோம். மாலையில் 14,860 ரூபாய்க்கு பில் வந்தது. ஒன்றும் கேட்காமல் கட்டினோம்.

இரவு உணவுக்குப் பின்னரே அதனைப் படிக்க அமர்ந்தோம். நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் பேட் மாற்றியதாக எழுதியிருந்தது. அந்த வண்டியின் முன்சக்கரங்களில்தான் டிஸ்க் பிரேக். பின்சக்கரங்களில் இருப்பது டிரம் பிரேக். டிரம்முக்குள் இருப்பவை பிரேக் ஷூக்களேயன்றி பேட்கள் அல்ல. பொருந்தவே முடியாத பொருளுக்கு நாம் விலை கொடுத்திருந்தோம்!

மறுநாள் சென்று கேட்டோம். “கம்ப்யூட்டரில் தவறாக ஏறிவிட்டது, சார்” என்று கூறி, மேலாளர் அத்தொகையைத் திருப்பித் தந்தார். அவரது சொல்லை ஏற்றுக்கொண்டோம். ஆயினும் ஒரு கேள்வி நம்மை விடவில்லை. கம்ப்யூட்டரின் தவறு ஒருமுறையேனும் வாடிக்கையாளருக்கு ஆதாயமாக நேர்ந்ததுண்டா?

பெரிய தொகைகள் அனைத்தும் மோசடி என்று நாம் கூறவரவில்லை. ஓடாமல் நின்றாலும் ரப்பர் பாகங்கள் முதுமையடையும்; குழாய்கள் வெடிக்கும்; புஷ்கள் தேயும்; எஞ்சினைத் தாங்கும் மவுண்டுகள் நைந்துபோகும். டைமிங் பெல்ட்டைக் காலத்தில் மாற்றாவிட்டால் வண்டி நடுவழியில் நின்றுவிடும். பிரேக்குக்குரிய செலவை மறுப்பவர் தம் உயிரோடு பிறர் உயிரையும் பணயம் வைக்கிறார். இவை நியாயமான செலவுகள். ஆனால் வண்டியின் வயதைக் காட்டி, நாம் கேட்காத எஞ்சின் ஃப்ளஷும், நமக்குக் காட்டப்படாத இன்ஜெக்டர் சுத்தமும், இன்னதென்று விளங்காத ‘இதரப் பொருட்களும்’ பில்லில் ஏறும்போது அது வேறு கதை.

இனி, நம்மையே குற்றக் கூண்டில் நிறுத்துவோம். சாலையோர மரத்தடியில், வண்டிக்கடியில் படுத்து, கையெல்லாம் கிரீஸ் படிய வேலை செய்யும் மெக்கானிக் 500 ரூபாய் கேட்டால் நாம் என்ன செய்கிறோம்? “அரை மணி நேர வேலைக்கு 500 ரூபாயா?” என்று சினந்து, 300 ரூபாயை அவர் கையில் திணிக்கிறோம். கழற்றிய பாகத்தை நம் கண்முன்னே காட்டியவர் அவர். எதையும் காட்டாத இடத்திலோ ஆயிரங்களை வாய் திறவாமல் கொடுக்கிறோம். அங்கே கேள்வி கேட்டால் நம்மைக் கஞ்சன் என்று எண்ணிவிடுவார்களோ என்று கூசுகிறோம். எளியவரிடம் நாவன்மை, வலியவரிடம் நாவடக்கம்! இதுவா நம் நேர்மை?

“சில ஆயிரத்திற்காக வாக்குவாதம் செய்ய நேரமில்லை” என்பார் உண்டு. அவருக்கு அத்தொகை சிறிதாக இருக்கலாம். அதே கல்லாவின் முன் அடுத்து வந்து நிற்பவர் ஓய்வூதியத்தில் வாழும் முதியவராகவோ, வாடகைக் கார் ஓட்டிக் குடும்பம் காப்பவராகவோ இருக்கக்கூடும். நாம் கேட்காமல் விட்ட பொய்க்கணக்கே அவர் மீதும் எழுதப்படுகிறது. மேலும், நேர்மையாகக் கணக்கெழுதும் பணிமனையும் நம் மௌனத்தால்தான் தோற்கிறது; உண்மைக்கும் பொய்க்கும் ஒரே மரியாதை கிடைக்குமாயின், உண்மையாய் இருப்பதற்கு யார் முன்வருவார்?

செய்ய வேண்டியது கடினமன்று. வண்டியை விடும்போதே உத்தேசச் செலவை எழுதி வாங்குவோம். கூடுதல் வேலை எதையும் நம்மைக் கேட்டபின் செய்யுமாறு ஜாப் கார்டில் குறிக்கச் சொல்வோம். கழற்றிய பாகங்களைத் திரும்பக் கேட்போம். பாகத்தின் விலையும் கூலியும் தனித்தனியே எழுதப்பட்ட பில்லை, பணம் கட்டுமுன் வரிவரியாகப் படிப்போம். இவையெல்லாம் சண்டையல்ல, கொடுப்பவர், பெறுபவர் இருவரின் மதிப்பையும் காக்கும் முறைகள்.

இதற்கும் இணங்காதோரிடம் சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தராமலிருப்பதையே முறையற்ற வணிக நடைமுறையாகக் கருதுகிறது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். வழக்கறிஞர் இன்றி நாமே வாதாடவும் வழியுண்டு.

அடுத்த முறை பில் நீட்டப்படும்போது, கண்ணாடியை அணிந்துகொண்டு முதல் வரியிலிருந்து படிப்போம். பின்னால் நிற்பவர்கள் சற்றுக் காத்திருக்கட்டும், அவர்களுக்காகவும்தான் படிக்கிறோம். மரத்தடியில் உழைப்பவர் நியாயமான கூலி கேட்கும்போதோ, பேரம் பேசாமல் கொடுப்போம்.