பிள்ளை பழகுவது பாடசாலையில் மட்டுமா?

பாடசாலைக்குப் போகாது வீட்டிலேயே பெற்றோரிடம் கற்கும் பிள்ளை எப்படியிருக்கும் என எவரையேனும் கேட்டுப் பாருங்கள். கூச்சம் மிகுந்தது, நாலுபேர் முன்னிலையில் வாய் திறவாதது, ஊருலகம் அறியாதது, பிடிவாதக்காரரான பெற்றோரால் அடைத்து வைக்கப்பட்டது என்ற விடையே வரும். இவ்வாறு கூறுவோருட் பெரும்பாலார் அத்தகைய பிள்ளை ஒன்றையேனும் கண்டறியாதவர். திண்ணைப் பேச்சோடு இது நின்றால் நட்டமில்லை. சட்டமும் நீதிமன்றமும் இதே எண்ணத்தை அடிப்படையாகக் கொள்ளும்போதுதான் ஆபத்துத் தொடங்குகின்றது.

2013ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் யேர்மனியின் ஹெசன் மாநிலத்தில் நடந்ததைப் பார்ப்போம். தம் பிள்ளைகள் நால்வரையும் பாடசாலைக்கு அனுப்ப மறுத்த ஒரு குடும்பத்தின் வீட்டுக்கு அதிகாரிகள் பொலிசாருடன் சென்று பிள்ளைகளைக் கொண்டுபோயினர். ஏறக்குறைய மூன்று வாரம் பெற்றோரைப் பிரிந்து அவர்கள் சிறுவர் இல்லத்தில் இருந்தனர். சமூகத்தோடு கலவாது வளர்கின்றனர் என்பதே அதிகாரிகளின் அச்சம். பின்னர் பிள்ளைகளின் அறிவு சோதிக்கப்பட்டது. அது கவலைக்கிடமான நிலையில் இல்லையென்றும், பிள்ளைகள் தம் விருப்பத்துக்கு மாறாக வீட்டில் வைக்கப்படவில்லையென்றும் 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கண்டது. ஆயினும், அதிகாரிகள் அன்று அறிந்திருந்தவற்றைக் கொண்டு பார்க்கையில் அவர்களது அச்சம் நியாயமானதே என்றும், குடும்ப வாழ்வுக்கான உரிமை மீறப்படவில்லை என்றும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

யேர்மனியின் கட்டாய வரவுச் சட்டத்தை ஹிட்லரின் சட்டம் என்று ஏசுவோர் உளர். அது முழு உண்மையன்று. 1938ஆம் ஆண்டுச் சட்டம் அதனை இறுக்கியது மெய்யே. ஆனால் குடியாட்சி நிலவிய 1919ஆம் ஆண்டிலேயே வைமார் அரசியலமைப்பு அக்கடமையை விதித்துவிட்டது. பணக்காரன் பிள்ளையும் கூலிக்காரன் பிள்ளையும் ஒரே வாங்கில் அமர வேண்டும் என்ற நல்லெண்ணமும் அதிற் கலந்திருந்தது. அந்நல்லெண்ணத்தை நாம் மதிக்கின்றோம்.

நமக்கு உறுத்துவது வேறொன்று. இதையொத்த வழக்கொன்றில் 2006ஆம் ஆண்டு அதே ஐரோப்பிய நீதிமன்றம், தனித்தனிச் சமூகங்கள் உருவாகாமல் தடுப்பதிலும் சிறுபான்மையோரை இணைப்பதிலும் அரசுக்குள்ள அக்கறையை ஏற்றுக்கொண்டது. இணைப்பு என்ற சொல் இனிமையானது. ஆனால் எதனோடு எதனை, யார் விதிப்படி இணைப்பது? சிறுபான்மையினராய்ப் பிறந்த எவரும் இவ்வினாவைக் கேளாமல் இருக்க இயலாது. யேர்மனியிற் குடியேறிய எம்மவரின் பிள்ளைகள் வாரநாளில் அந்நாட்டுப் பாடசாலையிலும் வார இறுதியில் தமிழ்ப் பாடசாலையிலும் பயில்கின்றனர். அவர்கள் எவரோடும் பழகத் தெரியாதவராய்ப் போய்விடவில்லை. பழக்கம் ஒரே கூரையின் கீழ்த்தான் விளையும் என்பது தவறென்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

வீட்டிற் கற்போரைப் பற்றிய சான்றும் உண்டு. 1992இல் அமெரிக்காவின் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் லாரி ஷையர்ஸ் என்பவர் எட்டு முதல் பத்து வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்தார். வீட்டிற் கற்போர் எழுபதுபேர், பாடசாலையிற் கற்போர் எழுபதுபேர். எப்பிள்ளை எவ்வகையினது என்று அறியாதோர் அவர்களின் விளையாட்டைக் கவனித்தனர். வீட்டிற் கற்ற பிள்ளைகளிடமே குழப்பமான நடத்தை குறைவாகக் காணப்பட்டது. ஆனால் இதனைக் கொண்டு வெற்றிமுழக்கம் செய்தல் தகாது. இத்தகைய ஆய்வுகளுக்குத் தாமாக முன்வரும் பெற்றோர் பெரும்பாலும் அக்கறையுள்ளோரே. பிள்ளையை மறைத்து வைக்கும் பெற்றோர் ஆய்வாளரை வாசலிலும் ஏற்றார்.

புகையிலைச் செய்கைக்காரர் இதனை எளிதில் உணர்வர். நாற்றுமேடையில் நிழலிட்டுக் கன்று வளர்ப்பதைக் குறைகூறுவார் எவருமிலர். பருவம் தப்பியும் பிடுங்கி நடாது விட்டாலே கன்று பழுதாகும். நட்ட கன்று வேர் பிடித்ததா என்று பார்ப்பவனே கமக்காரன்.

சட்டமும் அதனையே பார்த்தல் வேண்டும். இங்கிலாந்தின் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பிள்ளைக்குத் தகுந்த கல்வியைப் பாடசாலை மூலமோ வேறு வகையிலோ அளிப்பதைப் பெற்றோரின் கடமையாக்கியது. 1996ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாறே கூறுகின்றது. கல்வி கட்டாயம், கட்டிடம் கட்டாயமன்று என்பதே அதன் பொருள். பெற்றோரின் உரிமைக்கும் எல்லையுண்டு. 1972இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் எட்டாம் வகுப்புக்குப் பின் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாதிருக்க ஆமிஷ் மக்களுக்கு இடமளித்தபோது, நீதியரசர் டக்ளஸ் ஓரளவு மாறுபட்டு நின்றார். பெற்றோர் பேசினர், அரசு பேசியது. பிள்ளையின் விருப்பத்தையும் கேட்க வேண்டாமா என்பதே அவர் எழுப்பிய வினா. அவ்வினாவுக்கு இன்றும் தக்க மறுமொழி இல்லை.

ஆகவே நாம் கூறுவது இதுவே. வீட்டிற் கற்கும் பிள்ளையை அரசு ஆண்டுதோறும் காணட்டும். அதன் கல்வியைச் சோதிக்கட்டும். பெற்றோர் அருகில் இல்லாதபோது அதன் வாய்ச்சொல்லையும் கேட்கட்டும். அதற்கு மறுக்கும் பெற்றோர்மீது சட்டம் பாய்வதும் நியாயமே. ஆனால் கூச்சமுள்ளது, உலகம் அறியாதது என்ற ஊர்ப்பேச்சைச் சாட்சியாக ஏற்றுப் பிள்ளையைத் தாயின் கையினின்றும் பறிக்கும் அதிகாரம் எவ்வரசுக்கும் இருத்தலாகாது. சாட்சி கேளாது தீர்ப்பளிப்பது நீதியன்று. அது பிள்ளையின் பெயரால் நடந்தாலும் நீதியாகிவிடாது.