‘உறவில் திருமணமா?’ – ஒரு டிக் போதாது

காங்கயம் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். பந்திக்குக் காத்திருந்த ஒரு பையனைப் பார்த்து எங்கள் அம்முச்சி கேட்டார்: “ஏங் கண்ணு, எந்த ஊரு? யாரு ஊட்டுப் பையன்? உங்கம்மா பொறந்த ஊரு எது?” மூன்றே கேள்விகள். நான்காவது நிமிடத்தில் அந்தப் பையன் எனக்கு மச்சான் முறை என்று தீர்ப்பு வந்துவிட்டது.

நான் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். அம்முச்சி செய்ததை ஒரு கம்ப்யூட்டரைச் செய்ய வைக்க நான் பட்ட பாட்டை நினைத்துச் சிரிப்பு வந்தது. அந்த அனுபவத்தில் இருந்து ஒரு கருத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நம் குடும்ப உறவுகளை எக்செல் டேபிளில் அடைக்க முயலாதீர்கள். அதற்குப் பொருத்தமானது கிராஃப் டேட்டாபேஸ்.

டேபிளில் என்ன கஷ்டம்?

முதலில் நானும் எக்செல்லில்தான் ஆரம்பித்தேன். பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், ஊர் என்று நான்கு காலம். பத்தாவது வரியிலேயே சிக்கல். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். ஒரே பெயரில் எங்கள் வீட்டில் நான்கு பேர். ‘அப்பா பெயர்’ என்று எழுதினால் அது எந்த அப்பா என்று எக்செல்லுக்கு எப்படித் தெரியும்?

சரி, ஆளுக்கொரு எண் கொடுத்து ஆக்சஸில் போட்டேன். அம்மாவின் அப்பாவைக் கண்டுபிடிக்க டேபிளை அதே டேபிளுடன் ஒருமுறை ஜாயின் செய்ய வேண்டும். அவருடைய அப்பாவுக்கு இன்னொரு முறை. எத்தனை தலைமுறை மேலே போக வேண்டும் என்று முன்பே தெரிந்தால்தான் இப்படி எழுத முடியும். எஸ்க்யூஎல் மொழியில் இதற்கு வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். தனக்குள் தானே திரும்பிச் செல்லும் ரிகர்சிவ் கேள்விகள் 1999-ஆம் ஆண்டுத் தரத்திலேயே வந்துவிட்டன. ஆனால் அப்படி ஒரு கேள்வியை எழுதிவிட்டு, ஒரு மாதம் கழித்துத் திறந்து பார்த்தால் எழுதியவருக்கே புரியாது.

அடுத்து, வம்சவரலாறு எழுதுவதற்கென்றே உள்ள ஒரு சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தேன். அது உறவுகளை ஒரு மரமாக வரைந்து தந்தது. எங்கள் குடும்பமோ மரமாக இல்லை! அப்பா மணந்தது அவருடைய மாமன் மகளை. அதாவது என் ஆத்தாவும் (அப்பாவின் அம்மா) என் அப்புச்சியும் (அம்மாவின் அப்பா) உடன்பிறந்தவர்கள். அவர்களைப் பெற்றவர்கள் மரத்தில் இரண்டு கிளைகளில் இரண்டு முறை வந்து நின்றார்கள். பூட்டன் பூட்டி எட்டுப் பேர் என்பது கணக்கு. எனக்கு ஆறு பேர்தான். கொங்குநாட்டில் இது அபூர்வம் அல்ல. கிளைகள் பிரிந்து மீண்டும் வந்து சேருவதுதான் நம் குடும்பங்கள்.

புள்ளியும் கோடும்

கிராஃப் என்றதும் பள்ளியில் போட்ட கட்டத்தாள் வரைபடத்தை நினைக்க வேண்டாம். இது புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும். 1736-ல் கோனிக்ஸ்பெர்க் நகரத்தின் ஏழு பாலங்களைப் பற்றி ஆய்லர் போட்ட கணக்கில் இருந்து வருவது. இந்த அடிப்படையில் இயங்கும் டேட்டாபேஸ்களில் நன்கு அறியப்பட்டது நியோ4ஜே, அதன் 1.0 பதிப்பு 2010-ல் வந்தது. சமூகப் பதிப்பு இலவசம். வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓடும். இதற்கான கேள்வி மொழிகளுக்குப் பொதுவாக ஜிக்யூஎல் என்ற தரத்தை ஐஎஸ்ஓ 2024 ஏப்ரலில் வெளியிட்டது.

நம் வேலைக்கு ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி. பெயர், ஆணா பெண்ணா, பிறந்த ஆண்டு, ஊர் ஆகியவை புள்ளிக்குள் இருக்கும். கோடுகள் மூன்றே வகை: அப்பா, அம்மா, திருமணம். மாமன், அத்தை, சித்தப்பா, பங்காளி எதையும் எழுதி வைக்கக் கூடாது. அவை எல்லாம் கேள்விக்குக் கிடைக்கும் விடைகள். மாமனைக் கேட்பது இப்படி:

(நான்) –அம்மா→ (அம்மா) –அப்பா→ (அப்புச்சி) ←அப்பா– (ஆண்)

படித்துப் பாருங்கள். அம்மாவின் அப்பா யாருக்கெல்லாம் அப்பாவோ, அவர்களில் ஆண்கள். பேச்சில் சொல்வதைத்தான் அம்புக்குறி போட்டு வரைந்திருக்கிறோம்.

நடைமுறையில் இரண்டு சிக்கல்கள் வரும். பெரியப்பாவா சித்தப்பாவா என்று சொல்ல வயது வேண்டும். பழைய ஆட்களுக்குப் பிறந்த ஆண்டு தெரியாது. ‘இவன் மூத்தவன், அவன் இளையவன்’ என்பது மட்டும் தெரியும். அப்படியானால் அண்ணன் தம்பிக்கு நடுவே ‘மூத்தவர்’ என்று ஒரு கோடு போட்டுவிடுங்கள். இரண்டு பேர் உடன்பிறந்தவர்கள் என்று தெரியும், பெற்றோர் பெயர் தெரியாது என்றால் பெயரில்லாத ஒரு புள்ளியை வைத்து இருவரையும் அதனுடன் இணையுங்கள். பெயர் பிறகு கிடைத்தால் நிரப்பலாம்.

அம்முச்சியின் கேள்வியும் டாக்டரின் கேள்வியும்

இதெல்லாம் பொழுதுபோக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன், என் அண்ணி கருவுற்றிருந்தபோது ஒரு ஸ்கேன் சென்டரில் கொடுத்த படிவத்தைப் பார்க்கும் வரை. ‘உறவில் திருமணமா? ஆம் / இல்லை.’ அண்ணன் ‘இல்லை’க்கு டிக் போட்டிருந்தார். அண்ணி எங்கள் அப்பாவின் சித்தப்பாவுக்கு மகள் வழிப் பேத்தி. “அது தூரத்துச் சொந்தந்தானே” என்றார்.

அன்று இரவு டேட்டாபேஸைக் கேட்டேன்:

(அண்ணன்) –அப்பா அல்லது அம்மா, 1 முதல் 5 படி→ (மூதாதை) ←அப்பா அல்லது அம்மா, 1 முதல் 5 படி– (அண்ணி)

எத்தனை தலைமுறை என்று நான் சொல்லவில்லை. ஐந்துக்குள் எங்கே சந்தித்தாலும் காட்டு என்றேன். இரண்டு இடங்களில் சந்தித்தார்கள். மூன்றாம் படியில் எல்லோருக்கும் தெரிந்த அந்த வழி. நான்காம் படியில் இன்னொன்று: எங்கள் அம்முச்சியின் அம்மாவும் அண்ணியுடைய ஆத்தாவின் அம்மாவும் அக்கா தங்கை. அம்முச்சி எப்போதோ சொன்னதை எழுதி வைத்திருந்தேன். வீட்டில் வேறு யாருக்கும் அது நினைவில் இல்லை.

அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனோம். டாக்டர் ஒரு தாளில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், உறவுத் திருமணத்துக்கு இரட்டைக் கோடு என்று வரையத் தொடங்கினார். மருத்துவர்களும் கிராஃப்தான் வரைகிறார்கள்! பிறகு சில ரத்தப் பரிசோதனைகளைச் சொன்னார். பயப்படும்படி ஒன்றும் இல்லை. ஆனால் ‘ஆம் / இல்லை’ என்ற ஒற்றைக் கட்டத்தில் இந்த இரண்டு வழிகளுமே தொலைந்து போயிருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அம்முச்சி பார்ப்பது கோட்டின் வகையை. சித்தப்பா மகள் தங்கை. மாமன் மகள் முறைப்பெண். கொங்கு வேளாளர்களிடம் ‘கூட்டம்’ என்ற குலம் அப்பா வழியில் மட்டும் வரும். ஒரே கூட்டம் என்றால் எத்தனை தலைமுறை தள்ளி இருந்தாலும் பங்காளிதான், பெண் எடுக்க மாட்டார்கள். டாக்டர் பார்ப்பது கோடுகளின் எண்ணிக்கையை. அவருக்குச் சித்தப்பா மகளும் மாமன் மகளும் ஒன்றுதான். இருவருமே சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுவைப் பகிர்பவர்கள். ஒரே நோயின் மரபணுவைத் தாயும் தந்தையும் வெளியே தெரியாமல் சுமந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் அந்த நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆகவே ‘முறைதான்’ என்ற பதில் டாக்டரின் கேள்விக்குப் பதில் ஆகாது. கேள்விகள் இரண்டும் வேறு. ஆனால் இரண்டுக்கும் டேட்டா ஒன்றே. உறவுப் பெயர்களை எழுதி வைத்திருந்தால் அம்முச்சியின் கேள்விக்கு மட்டும்தான் பதில் வந்திருக்கும். அடிப்படைக் கோடுகளை வைத்ததால் இரண்டுக்கும் வந்தது.

தமிழ் உறவுமுறையின் இந்த ஒழுங்கு வெளியுலகுக்குப் புதிதல்ல. அமெரிக்க வழக்கறிஞர் லூயிஸ் ஹென்றி மார்கன் தமிழ் உறவுச் சொற்களைச் சேகரித்து, அவை அமெரிக்கப் பழங்குடிகளான இரோகுவாய் மக்களின் சொற்களுடன் அமைப்பில் ஒத்திருப்பதை 1871-ல் வெளியான தன் நூலில் காட்டினார். நம் முறைகளை வெளிநாட்டுக்காரர் ஒருவர் அட்டவணை போட்டு ஆராய்ந்தார். நம் வீட்டு முறையை நாம் எழுதி வைத்திருக்கிறோமா?

எல்லாவற்றுக்கும் கிராஃப்தானா?

இல்லை. மளிகைக் கணக்கு, கரண்ட் பில், பால் கணக்கு ஆகியவற்றுக்கு டேபிள்தான் சரி. 1970-ல் எட்கர் காட் வகுத்த அந்த முறை இன்னும் உலகத்தின் கணக்குகளைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. யாரிடம் எவ்வளவு என்பது உங்கள் கேள்வி என்றால் டேபிள் போதும். யாருக்கு யார், எந்த வழியில் என்று கேட்கத் தொடங்கினால் கிராஃபுக்கு மாறுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்த டேட்டாபேஸை இன்டர்நெட்டில் ஏற்றாதீர்கள். உங்கள் குடும்பத்தின் பெயர், ஊர், நோய் எல்லாம் அதில் இருக்கிறது. சொந்தக் கம்ப்யூட்டரில் வைத்து, ஒரு பிரதியைப் பென் டிரைவில் எடுத்து பீரோவில் வையுங்கள்.

சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ள நேரம் இல்லை என்றாலும் பரவாயில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உங்கள் வீட்டுப் பெரியவரிடம் உட்காருங்கள். ஆளுக்கொரு எண், அப்பா எண், அம்மா எண், யாரைக் கட்டியது. இவ்வளவு எழுதினால் போதும். கம்ப்யூட்டரில் அடுத்த மாதம் ஏற்றலாம், அடுத்த வருஷமும் ஏற்றலாம். அம்முச்சிக்கு இப்போது எண்பத்தாறு வயது. போன வாரம் மூன்று பெயர்களைத் தேடித் தேடி, “மறந்துபோச்சு சாமி” என்றார். அந்த மூன்று புள்ளிகளும் என் டேட்டாபேஸில் இன்னும் பெயரில்லாமல்தான் இருக்கின்றன.