மீன்தொட்டிக்கு 20 லிட்டர் கேன் போதும்

மல்லாங்கிணறு, காரியாபட்டி வட்டாரத்தில் சித்திரை வெயிலில் மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு மீனைவிடத் தண்ணீர்தான் பெரிய வேலை. 3 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள தொட்டியில் நீர்மட்டம் 1 செ.மீ. இறங்கினாலே 4 லிட்டருக்கு மேல் காற்றில் போய்விட்டது என்று கணக்கு. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து இதே மாவட்டத்துச் சிவகாசியில் தொடங்கியபோது குச்சிகளை உலர்த்தக் கைகொடுத்தது இந்த வறண்ட காற்றுதான். பிறகு பட்டாசுக்கும் அச்சுக்கும் அதுவே துணை நின்றது. மீன் வளர்ப்பவருக்கு மட்டும் பகை.

வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு வாரம் வெளியூர் போனால் நிலைமை மோசம். மட்டம் இறங்கியதும் ஃபில்டர் மோட்டார் காற்றை உறிஞ்சிச் சூடேறும். தண்ணீர் ஓட்டம் நின்றால் மீனுக்கு மூச்சு முட்டும். அதனால்தான் குறைந்த தண்ணீரைத் தானாக நிரப்பும் அமைப்பை வீட்டிலேயே செய்ய இளைஞர்கள் இறங்குகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் பலரும் சென்சார், ரிலே, சின்ன மோட்டார் என்று ஆரம்பித்து, கடைசியில் குழாயை மொட்டைமாடித் தொட்டியோடு இணைத்துவிடுகிறார்கள். அங்கேதான் தப்பு. சென்சாரில் பாசி படிந்தாலோ ரிலே ஒட்டிக்கொண்டாலோ மோட்டார் நிற்காது. மாடித்தொட்டியின் 1,000 லிட்டரும் கூடத்துக்கு வந்து சேரும். கீழே இருக்கும் பவர் பாக்ஸையும் நனைக்கும்.

இந்த வேலைக்கு மின்சாரமே தேவையில்லை. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் தேசிபியஸ் தன் நீர்க்கடிகாரத்தில் மிதவையை வைத்தே நீர்வரத்தைக் கட்டுப்படுத்தினார். ஏர்கூலருக்குப் போடும் சிறிய ஃப்ளோட் வால்வும் அந்த வழியில் வந்ததுதான். தொட்டியைவிட உயரமான, ஆடாத பலகையில் 20 லிட்டர் குடிநீர்க் கேன். அதன் அடியில் ஒரு குழாய். அங்கிருந்து மெல்லிய டியூப். முனையில் தொட்டி விளிம்பில் மாட்டிய வால்வு. மட்டம் இறங்கினால் மிதவை இறங்கி வழிவிடும், ஏறினால் அடைக்கும். கேன் மூடியில் காற்று உள்ளே போக ஒரு சின்னத் துளை வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் வராது. அந்தத் துளைக்கு மேல் மெல்லிய வலைத்துணி கட்ட வேண்டும். இல்லாவிட்டால் கொசு முட்டையிடும். நத்தை வளர்ப்பவர்கள் மிதவையைச் சுற்றி வலைத்தடுப்பு வைப்பது நல்லது. நத்தை ஏறி உட்கார்ந்தால் மிதவை அழுந்தி வால்வு திறந்தே கிடக்கும்.

ஏன் 20 லிட்டர்? மேலே சொன்ன தொட்டியில் விளிம்புக்குக் கீழே 5 செ.மீ. இடம் விட்டால் அந்த இடம் ஏறக்குறைய 21 லிட்டர் கொள்ளும். வால்வு கெட்டு, கேன் முழுக்கக் கொட்டினாலும் தரையில் சொட்டு விழாது. கண்மாய் கட்டியவர்கள் மடையோடு நிற்காமல், மிஞ்சிய நீர் வழியக் கலுங்கும் கட்டியது இந்த யோசனையில்தான். எப்போது வேலை செய்யும் என்பதைவிட, கெட்டுப்போனால் எவ்வளவு கொட்டும் என்று கேட்டுச் செய்யும் கருவிதான் வீட்டுக்கு ஏற்றது. கோடையில் நாளைக்கு இரண்டரை லிட்டர் குறைந்தாலும் இந்தக் கேன் ஒரு வாரம் தாங்கும். தொட்டிக்குக் கண்ணாடி மூடி போட்டால் இன்னும் சில நாள்.

அடுத்த சிக்கல் கேனுக்குள் ஊற்றும் தண்ணீர். இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. மீன்கள் சாவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். 150 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 1 கிராம் உப்புள்ள போர் தண்ணீர் இருக்கிறது, வாரம் 15 லிட்டர் ஆவியாகிறது, அதே தண்ணீரை ஊற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 15 கிராம் உப்பு சேரும். 10 வாரத்தில் தொட்டியின் உப்பு இரட்டிப்பாகும். மோலி, கப்பி சமாளித்துவிடும். டெட்ராவும் டிஸ்கஸும் தாங்காது. கடல்மீன் தொட்டியில் இன்னும் கறார்: லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள நீர் பத்தில் ஒரு பங்கு ஆவியானால் 39 கிராமை நெருங்கிவிடும்.

ஆகவே தானாக நிரம்புகிறதே என்று வாராந்தரத் தண்ணீர் மாற்றத்தைக் கைவிடக் கூடாது. நிரப்பும் கேனில் ஊற்ற வேண்டியது உப்புக் குறைந்த தண்ணீர்: ஆர்.ஓ. தண்ணீர் அல்லது மழைநீர். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரை மிச்சப்படுத்துகிறேன் என்று இதில் ஊற்றுபவர்களும் உண்டு. உப்பெல்லாம் அதில்தான் திரண்டிருக்கிறது. ஏசி சொட்டும் நீரும் வேண்டாம், உள்ளிருக்கும் செம்புக் குழாயிலிருந்து கரையும் செம்பு இறாலைக் கொல்லும்.

தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மாடியிலிருந்து இறங்கும் குழாய் பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. தண்ணீர் குழிக்குப் போகுமுன் ஒரு குடம் பிடித்துக்கொள்ள யார் அனுமதியும் வேண்டாம். ஐப்பசி பிறப்பதற்குள் மூடியுள்ள டிரம் ஒன்றைத் தயாராக வையுங்கள். மாடித் தூசியையும் தீபாவளிக் கரியையும் கழுவிவரும் முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து பிடியுங்கள்.