போட்டோஷாப் என்னும் நுழைவுத் தேர்வு

கேமரா வாங்கிய கையோடு எல்லோருக்கும் கிடைக்கும் இலவசப் புத்திமதி: "முதல்ல போட்டோஷாப் கத்துக்கோ." அது தெரியாதவருக்கு எடிட்டிங்கே தெரியாது என்று ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. ஆர்வத்தோடு வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புகிற தீர்ப்பு இது.

1990இல் வந்த மென்பொருள் அது. அச்சகத்தார், விளம்பரக்காரர், ஓவியர் என்று ஆளாளுக்குக் கேட்டதையெல்லாம் சேர்த்துக்கொண்டே பெருத்தது. படத்தைச் சரிசெய்ய மட்டும் வந்தவருக்கு அதில் பெரும்பகுதி வேண்டாத சுமை. அதை உருவாக்கும் அடோபியே 2007இல் புகைப்படக்காரர்களுக்கென்று லைட்ரூமைத் தனியாக வெளியிட்டது. போட்டோஷாப்பே போதும் என்றால் அது எதற்கு?

மண்டபத்து மஞ்சள் வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்றைப் பாருங்கள். தாய்மாமனின் வெள்ளை வேட்டி சந்தன நிறத்தில் தெரிகிறது. எது வெள்ளை என்று மென்பொருளுக்குக் காட்டும் ஒயிட் பேலன்ஸ் பிக்கரை வேட்டியில் வைத்து அழுத்தினால் வேட்டி வெளுத்துவிடும். ஆனால் அது சொட்டு நீலம் போட்டு வெளுத்த வேட்டியென்றால், முகங்களில் மஞ்சள் கொஞ்சம் மிச்சம் நிற்கும். ஸ்லைடரை நீலப் பக்கம் இன்னும் எவ்வளவு தள்ளுவது? அதைக் கண்தான் சொல்ல வேண்டும். டார்க்டேபிள் என்னும் இலவச மென்பொருளில் பழகினாலும் லைட்ரூமில் பழகினாலும் பழகுவது அந்தக் கண்தான்.

படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராமும் அப்படியே. ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். வெள்ளைச் சட்டை உச்சப் படியில் முட்டி நின்றுவிட்டால் அதன் மடிப்புகள் பதிவாகவே இல்லை. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளாலும் அவற்றை மீட்க முடியாது. கேமராவின் பதிவை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள் இருப்பதால் சரிசெய்ய இடம் அதிகம். புதியவருக்கு முதலில் வேண்டியது இந்த அறிவு. நம் வகுப்புகள் பலவற்றில் முதல் பாடமோ பின்னணியை வெட்டுவது, அடுத்தது முகத்தை வெளுக்கவைப்பது. கருத்த பெண்ணை வெள்ளையாக்குவதற்குப் பெயர் கலர் கரெக்‌ஷனாம்!

பணச் சிக்கல் வேறு. 2013 முதல் கணினிக்கான போட்டோஷாப்பின் புதிய பதிப்புகள் சந்தாவுக்கு மட்டுமே. சந்தா கட்ட முடியாதவர் கிராக் தேடிப் போய் கணினியில் வைரஸை ஏற்றிக்கொள்கிறார். 1996 முதல் இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் அவர் கண்ணில் படுவதில்லை. பட்டாலும் "அதெல்லாம் புரொஃபஷனல் இல்லை" என்று பக்கத்தில் ஒருவர் சொல்லிவிடுகிறார். கணினியே இல்லாதவருக்கும் ஸ்னாப்சீட் இருக்கிறது. கர்வ்ஸும் ஒயிட் பேலன்ஸும் அதிலேயே உண்டு, அதுவும் செல்போனில், காசில்லாமல்.

ஆல்பம் டிசைனிங் வேலைக்குப் போகிறவர் தாராளமாகப் போட்டோஷாப் படிக்கட்டும். போட்டோஷாப்பின் பிஎஸ்டி டெம்ப்ளேட்டில்தான் அங்கே பிழைப்பு நடக்கிறது. கிழிந்துபோன தாத்தா படத்தை ஒட்டவைக்கவும் அது அருமையான கருவி. மகளின் பிறந்தநாள் படத்தில் கொஞ்சம் வெளிச்சம் கூட்ட நினைக்கும் அப்பாவை எதற்கு அந்த வகுப்புக்கு அனுப்புகிறோம்?