காசு நம்முடையது, பாட்டு யாருடையது?



2004-இல் சன் மியூசிக் தொடங்கியபோது நம் தெருக்களில் எத்தனை மகிழ்ச்சி! அதை மறைக்க வேண்டியதில்லை. ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் கூலி வேலை முடிந்து வீடு திரும்பியவர்களுக்கு எந்நேரமும் தமிழ்ப் பாட்டு. கன்னடப் பள்ளியிலும் ஆங்கிலப் பள்ளியிலும் படித்து, தமிழ் எழுத்தே தெரியாமல் வளர்ந்த நம் பிள்ளைகளின் காதில் தமிழ் விழுந்தது. தொகுப்பாளர் தொலைபேசியில் ஊர் கேட்க, "பெங்களூரு" என்று நம் பிள்ளை சொன்னால் தெருவே கைதட்டியது. பிழைக்க வந்த ஊரில் தன் பெயர் தொலைக்காட்சியில் ஒலிப்பது சிறிய காரியமா?

ஆனால் அந்த மகிழ்ச்சிக்கு விலை கொடுத்தது யார்? 2006 மார்ச்சில் அரசுத் தொலைபேசியின் 'ஒரே இந்தியா' திட்டம் வந்து, நாடு முழுதும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்றாகும்வரை வெளிமாநில அழைப்பு நம் வீடுகளுக்குப் பெருஞ்சுமை. மஞ்சள் பலகை மாட்டிய பூத்தில் மீட்டர் ஓட ஓட நின்றார்கள் நம் பையன்கள். கேபிள் கட்டணம் தனி. பதிலுக்குக் கிடைத்தது சினிமாப் பாட்டு. படமெடுத்தவருக்கு அது விளம்பரம், அலைவரிசைக்கு அதுவே நிகழ்ச்சி, இடையில் சோப்பு விளம்பரம். பாட்டுக் கேட்பதாக நினைத்துக்கொண்டு விளம்பரத்துக்கு நடுவே விளம்பரம் பார்த்தோம்!

தொகுப்பாளர்களின் தமிழைப் பற்றிப் புலவர்கள் நிறையவே வருந்தினார்கள். நமக்கு அது பெரிதல்ல. நாமும் கன்னடமும் உருதும் கலந்துதான் பேசுகிறோம். நம் கேள்வி வேறு. நம் பாட்டு எங்கே? கோலார் தங்கவயலில் நூறாண்டுக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள் பாதாளத்தில் இறங்கி உழைத்தன. 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடினார்கள். அந்த லைன் வீடுகளில் பாட்டே பிறக்கவில்லையா? கானா, கதாநாயகன் வாயசைத்தால் திரைக்கு வரும். சாவு வீட்டில் விடிய விடியப் பாடுகிறவனுக்கு அங்கே இடமில்லை.

இது சென்னையில் மட்டும் நடந்த கதையல்ல. பாட்டுத் தொலைக்காட்சிக்கெல்லாம் மூத்ததான அமெரிக்காவின் எம்.டி.வி. 1981 ஆகஸ்டு 1-இல் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் கறுப்பினக் கலைஞர்களை அதில் காண்பதே அரிது. ரிக் ஜேம்ஸ் வெளிப்படையாகவே கண்டித்தார். 1983-இல் வெள்ளைக்காரப் பாடகர் டேவிட் போவி அதே அலைவரிசைப் பேட்டியில், கறுப்பர்கள் ஏன் இத்தனை குறைவு என்று முகத்துக்கு நேரே கேட்டார். அந்த ஆண்டுதான் மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' அங்கே ஓடத் தொடங்கியது. அந்தக் கதவைத் திறந்தது மனச்சாட்சியா, விற்பனைக் கணக்கா? நாம் இரண்டாவதைத்தான் நம்புகிறோம்.

மீண்டும் நம் நகருக்கு வருவோம். 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினை வெடித்தபோது இங்கே கேபிள்காரர்கள் தமிழ் அலைவரிசைகளை நிறுத்தினார்கள். சன் குழுமத்துக்கு 1994 முதலே கன்னடத்தில் உதயா உண்டு. ஒரு கடையை அடைத்தால் மறு கடை திறந்திருக்கும். நமக்கு எந்தக் கடை? 1991 டிசம்பர்க் கலவரத்தை நினைத்துக் கதவைத் தாழிட்டு உட்கார்ந்திருந்தோம். கன்னடத் தொழிலாளி மீது நமக்குக் கோபமில்லை. அவன் பாட்டும் அதே முதலாளியின் தராசில்தான் ஏறுகிறது.

2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' சென்னையில் மேடையேறி, கானாவைச் சாதிக்கு எதிராகப் பாடியது. 2021-இல், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் முன்னோரின் நினைவை அறிவு எழுதிய 'எஞ்சாய் எஞ்சாமி' யூடியூபில் உலகம் சுற்றியது. பாட்டு அலைவரிசைகள் தேடிப் பிடித்துக் கொண்டுவந்த பாட்டுகளல்ல இவை. யூடியூபும் ஒரு முதலாளியின் கடைதான், அதை மறக்க வேண்டாம். ஆனால் அங்கே பாடுகிறவன் யாரிடமும் நேரம் கேட்டு நிற்க வேண்டியதில்லை.

வரும் பொங்கல் விழாவில் சினிமாப் பாட்டு நடனப் போட்டியை நிறுத்தி, அந்த நேரத்தைத் தங்கவயல் பறைக் கலைஞருக்கும் கட்டட வேலைப் பெண்களின் பாட்டுக்கும் கொடுக்க வேண்டுமென்று செயற்குழுவில் கேட்டிருக்கிறோம். கூட்டம் வராது என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். பாடத் தெரிந்தவர்கள் ஞாயிறு மாலைக்குள் சங்கத்தில் பெயர் கொடுங்கள். பதிவு செய்ய ஒரு கைபேசி போதும்.