மூச்சும் பல்லும்

1955-ம் வருஷத்தில், அமெரிக்க மருந்துக் கம்பெனி ஒன்றின் தலைவருக்கு ஆஸ்துமாவினால் அவஸ்தைப்பட்ட 13 வயதுப் புதல்வி ஒருத்தி இருந்தாள். கண்ணாடிக் கருவியின் ரப்பர்க் குமிழை அழுத்தி அழுத்தி மருந்தை இழுத்து அலுத்துப்போன அவள், கூந்தலுக்குத் தெளிக்கும் திரவத்தைப் போல் இதையும் ஒரு குப்பியில் அடைத்தால் என்ன என்று தகப்பனாரைக் கேட்டாளாம். அதன் பயனாக, அளவாக மருந்தைப் பீய்ச்சும் இன்ஹேலர் 1956-ல் வெளிவந்தது. இன்று கோடிக்கணக்கானவர்கள் அதன் புண்ணியத்தில் இரவில் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

இத்தகைய உபகாரியின் மீதும் ஒரு குற்றச்சாட்டு உண்டு. மூச்சைக் காக்கும் இக்கருவி பல்லைக் கெடுக்கிறது என்பதே அது. இதில் உண்மை எவ்வளவு?

பல்லின் போர்வையாகிய எனாமல், நம் உடலிலுள்ள பொருள்களிலெல்லாம் கடினமானது. அதில் நூற்றுக்குச் சுமார் 96 பங்கு தாதுப் பொருளே. ஆயினும் முறிந்த எலும்பு கூடுவது போல், கரைந்த எனாமல் மீண்டும் வளர்வதில்லை. அதை உண்டாக்கிய உயிரணுக்கள் பல் முளைத்ததுமே மறைந்து விடுகின்றன. எனாமலுக்குப் பரம சத்துரு புளிப்பு. காவற்காரன் உமிழ்நீர். அது புளிப்பைத் தணித்து, சுண்ணாம்புச் சத்தைப் பல்லுக்குத் திருப்பி அளிக்கிறது.

சால்புட்டமால் போன்ற மருந்துகள் மூச்சுக் குழாயைத் தளர்த்துவதோடு, உமிழ்நீர் ஊறுவதையும் ஓரளவு குறைக்கின்றன. வாயால் மூச்சு விடுவதனால் வாய் மேலும் வறள்கிறது. தூளாக இழுக்கும் மருந்துகளில் சில இயல்பாகவே புளிப்புத் தன்மை உடையவை. பலவற்றில் பாற் சர்க்கரையும் கலந்திருக்கும். வறட்சி தாளாமல் குழந்தை கலர் கேட்டால், சர்க்கரையும் புளிப்பும் ஜோடியாக வந்து சேருகின்றன. ஆகவே, குற்றவாளி ஒருவரல்ல, ஒரு கூட்டமே! ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் பற்சொத்தை அதிகம் என்று பல ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. எனாமல் கரைவதைப் பற்றி மட்டும் ஆராய்ச்சியாளர்களிடையே அபிப்பிராய பேதம் உண்டு.

இதைக் கேட்டு, இன்ஹேலரைப் பரண்மேல் தூக்கிப் போட்டால், அதைவிட விபரீதம் வேறில்லை. பல் சொத்தையானால் அடைத்துக் கொள்ளலாம். மூச்சு அடைத்தால் உயிருக்கே ஆபத்து. வைத்தியரைக் கேளாமல் மருந்தை நிறுத்தவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

பரிகாரம் சமையலறையிலேயே இருக்கிறது. மருந்தை இழுத்ததும் ஒரு டம்ளர் தண்ணீரால் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். ஸ்டிராய்டு மருந்தினால் நாவில் வெள்ளையாகப் படரும் காளான் நோயையும் இது தடுக்க உதவும். பீய்ச்சும் இன்ஹேலரில் ஸ்பேஸர் என்னும் குழலைப் பொருத்தினால், மருந்து வாயில் தங்குவது குறைந்து நுரையீரலுக்கு நன்றாகப் போய்ச் சேரும். மருந்தை இழுத்த கையோடு பல் துலக்கலாகாது. புளிப்பினால் இளகியிருக்கும் எனாமல் தேய்ந்து போகும். அரை மணி நேரம் பொறுத்து, புளோரைடு கலந்த பற்பசையால் துலக்குவது நலம். தாகத்துக்குப் பச்சைத் தண்ணீரைவிட உத்தமமான பானம் கிடையாது.

பல் வைத்தியரிடம் போகும்போது இன்ஹேலர் உபயோகிக்கும் விஷயத்தை மறவாமல் சொல்லுங்கள். வாயைத் திறந்து காட்டினால் மட்டும் அவருக்கு அது தெரிந்துவிடாது.