கேஸா, ஹீட் பம்ப்பா? ஒரு புது வீட்டுக்காரனின் புலம்பல்

புது வீடு கட்டறோம்னு சொன்னா எல்லாரும் கேக்கறது, "கிச்சன் என்ன கலர்?" ஹீட்டிங் என்னன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. ஜெர்மனியில அக்டோபர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் அது இல்லாம குடித்தனமே நடத்த முடியாது மக்களே!

நானும் முதல்ல கேஸ்தான்னு இருந்தேன். மெஷின் விலை கம்மி, பழகின சமாச்சாரம். மனசு மாறினது 2022 குளிர்காலத்துல. ஆகஸ்ட் கடைசியில நார்ட் ஸ்ட்ரீம் குழாயில ரஷ்ய கேஸ் நின்னுபோச்சு. செப்டம்பர்லேர்ந்து அரசு அலுவலகங்கள்லயே 19 டிகிரிக்கு மேல சூடாக்கக்கூடாதுன்னு உத்தரவு. அந்த நேரம் பாத்து ஊர்லேர்ந்து அம்மா வந்திருந்தாங்க. வாடகை வீடு, கேஸ் ஹீட்டிங். ரெண்டு ஸ்வெட்டர், ஒரு மஃப்ளரோட உக்காந்துக்கிட்டு, "பரவால்லடா, எனக்குக் குளிரல"ன்னு அவங்க சொன்ன பொய் இன்னும் உறுத்துது. அடுத்த வருஷம் வந்த கணக்குல 900 யூரோ கூடுதலாக் கட்டச் சொன்னாங்க, அது வேற கதை.

சரி, மேட்டருக்கு வருவோம். ஹீட் பம்ப் வேற ஒண்ணுமில்ல, ஃபிரிட்ஜைத் திருப்பிப் போட்டது. வெளிக்காத்துல இருக்கற வெப்பத்தை இழுத்து உள்ள குடுக்கும். ஒரு யூனிட் கரண்டுக்கு வருஷ சராசரியா மூணு, நாலு யூனிட் வெப்பம் கிடைக்கும். ஆனா இங்க கரண்ட் விலை கேஸைப் போல ஏறக்குறைய மூணு மடங்கு. அதனால மூணு கிடைச்சா கையைக் கடிக்கும், நாலு கிடைச்சாத்தான் லாபம்.

அந்த மூணுக்கும் நாலுக்கும் உள்ள வித்தியாசம் மெஷின்ல இல்லைங்க, தரையில இருக்கு. தரைக்கடியில குழாய் ஓட்டினா 30, 35 டிகிரி தண்ணியே போதும். பழைய மாதிரி சின்ன ரேடியேட்டர்னா 55 வேணும். தண்ணி எவ்வளவு சூடாகணுமோ, பம்ப் அவ்வளவு கரண்ட் குடிக்கும். குழாயை 10 சென்டிமீட்டருக்கு ஒண்ணா நெருக்கமாப் போடுங்க. மேல சிமென்ட் கலவை விழுந்துட்டா அப்புறம் அழுதாலும் மாத்த முடியாது.

அடுத்தது மெஷின் சைஸ். எங்க 140 சதுர மீட்டர் வீட்டுக்கு ஹீட்டிங்காரர் 12 கிலோவாட் எழுதிக் குடுத்தாரு. ரூம் ரூமா வெப்பக் கணக்கு போடச் சொன்னேன். முணுமுணுத்துக்கிட்டே போட்டாரு. வந்தது 6! பெருசா இருந்தா நல்லதுதானேன்னு தங்கமணி கேட்டாங்க. இல்லம்மா, பெரிய மெஷின் நிமிஷத்துக்கு நிமிஷம் ஓடி ஓடி நிக்கும், கம்ப்ரசர் ஆயுசு குறையும், நம்ம காசும் போகும்.

பூமிக்குள்ள துளை போடற பம்ப் இன்னும் சிக்கனம்தான். ஆனா துளை போடற செலவைக் கேட்டதும் எனக்கே வேர்த்துடுச்சு. மரத்துண்டு எரிக்கற பெல்லட் அடுப்புன்னா அதை அடுக்க ஒரு ரூம் வேணும். எங்களுக்குப் புத்தகம் வைக்கவே இடமில்ல.

2024 ஜனவரியில வந்த சட்டப்படி, புது குடியிருப்புப் பகுதிகள்ல கட்டற வீட்டுக்கு 65% புதுப்பிக்கத்தக்க வெப்பம் வேணும்னாங்க. அதை வெச்சு அரசியல்ல பெரிய சண்டை. என் கருத்து, சட்டத்துக்குப் பயந்து ஹீட் பம்ப் வாங்காதீங்க, சட்டத்து மேல இருக்கற கோவத்துல கேஸும் வாங்காதீங்க. சட்டம் மாறும். கேஸ் மேல போடற கார்பன் கட்டணம் 2021ல டன்னுக்கு 25 யூரோ, 2025ல 55. வீட்டுக்கடன் 30 வருஷம். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்க.

போன டிசம்பர்ல அம்மா மறுபடி வந்தாங்க. செருப்பைக் கழட்டிட்டு ஹால்ல நடந்து பாத்தவங்க, "என்னடா, நம்ம மொட்டைமாடி சாயங்காலம் இருக்கற மாதிரி இருக்கு"ன்னாங்க. ஸ்வெட்டர் பெட்டியிலயே இருந்துச்சு.

கிச்சன் கலரா? அது இன்னும் முடிவாகல, ஹி ஹி.